எவ்வளவு வெளிச்சம் போதும்?

நம் கழகத்து நிகழ்ச்சிப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். பேச்சுப் போட்டியாகட்டும், பொங்கல் விழாவாகட்டும், பெரும்பாலான படங்களில் ஒரே மாதிரியான முகம்தான் இருக்கும். நெற்றி வெள்ளையாகப் பளபளக்கும். கன்னத்தில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு. முதுகுக்குப் பின்னால் இருட்டு. அன்று மண்டபத்தில் அத்தனை விளக்குகள் எரிந்தன. தோரணம் கட்டவே இரண்டு இரவுகள் கண்விழித்தோம். படத்தில் அவை எதுவுமே இல்லை.

இதற்குக் காரணம் கேமரா பழையது என்பதல்ல. எடுத்தவருக்குத் திறமை போதாது என்பதும் அல்ல. கேமராவின் தலையிலுள்ள சக்கரத்தைப் பச்சைக் கட்டத்தில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், ஃபிளாஷ் எப்போது எழும்ப வேண்டும், எவ்வளவு பலமாக வெட்ட வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்துகொள்கிறது. அந்த முடிவை நாம் கையில் எடுத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

நான் பயன்படுத்துவது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த கேனன் 600டி. பலர் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. கேமரா நிறுவனங்கள் இப்போது கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களின் பக்கம் போய்விட்டதால், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் மாணவர்களால் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. இந்தக் கேமராவின் பட்டியலில் 'ஃபிளாஷ் கட்டுப்பாடு' என்றே தனியாக ஒரு பகுதி உண்டு. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது அங்கே புகைப்படக் கழகத்தில் சேர்ந்தேன். ஃபிளாஷ் என்பதை மலாய்மொழியில் 'டெஞார்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். தமிழில் பளிச்சொளி என்று எழுதலாம். சபாக்கில் இருக்கும் என் பாட்டி இந்த ஆராய்ச்சி எதுவும் இல்லாமல் அதற்கு 'மின்னல்' என்று பெயர் வைத்துவிட்டார். மூன்றில் எனக்குப் பிடித்தது பாட்டியின் சொல்தான். ஃபிளாஷ் உண்மையில் மின்னல் மாதிரிதான் வேலை செய்கிறது.

ஒரு படத்தில் இரண்டு வெளிச்சம்

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் சேர்கின்றன. ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்: குழல்விளக்கு, குத்துவிளக்கு, அந்திவானம். இன்னொன்று, ஃபிளாஷ் கொண்டுவரும் வெளிச்சம்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் குழாயடியை வைத்துச் சொல்லலாம். வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தால், எவ்வளவு நேரம் வைத்திருக்கிறோமோ அவ்வளவு தண்ணீர் சேரும். இதுதான் இடத்தின் வெளிச்சம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். அதே வாளியில் யாரோ ஒருவர் ஒரு செம்புத் தண்ணீரைச் சடாரென்று ஊற்றிவிட்டுப் போகிறார். அதுதான் ஃபிளாஷ். வாளி எத்தனை நேரம் அங்கே இருந்தாலும் அந்தச் செம்பின் அளவு மாறப்போவதில்லை.

ஃபிளாஷ் எரியும் நேரம் ஏறக்குறைய விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் குறைவு. ஷட்டர் அதைவிடப் பல மடங்கு நேரம் திறந்திருக்கிறது. ஆகவே ஷட்டர் வேகத்தை மாற்றினால் பின்னணி வெளிச்சமாகும், அல்லது இருட்டாகும்; ஃபிளாஷ் பட்ட முகம் பெரிதாக மாறாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல்தான். மண்டபத் தோரணம் படத்தில் தெரியாமல் போவதற்குக் காரணம், தோரணத்தின் வெளிச்சம் வந்து சேருமுன் ஷட்டர் மூடிக்கொண்டதுதான். 600டி கேமராவில் 'பி' என்ற முறையில் ஃபிளாஷை எழுப்பினால், ஷட்டர் 1/60 விநாடிக்குக் கீழே இறங்காது. 'எம்' முறைக்குப் போய் நாமே 1/15 அல்லது 1/30 என்று வைத்தால், முகத்தை ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும். மண்டபத்தை ஷட்டர் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கேமராவோடு பிறந்த அந்தச் சிறு ஃபிளாஷின் பலத்தை 'வழிகாட்டி எண்' என்று குறிப்பார்கள். 600டியில் அது ஐ.எஸ்.ஓ. 100இல் 13. அதை லென்ஸ் துளையின் எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் எட்டும் என்பது தெரிந்துவிடும். எஃப் 3.5 என்றால் நான்கு மீட்டருக்கும் குறைவு. ஐ.எஸ்.ஓ. எண்ணை நான்கு மடங்காக்கினால் எட்டும் தூரம் இரு மடங்காகும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பவர்கள், முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைத்தான் வெளிச்சமாக்குகிறார்கள். தூரம் இரு மடங்கானால் ஃபிளாஷ் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். குழுப்படத்தில் முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை கறுத்தும் போவது இதனால்தான். அங்கே ஃபிளாஷைக் கூட்டுவது தீர்வாகாது. எல்லாரையும் ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, நாம் பின்னால் நகர்ந்து, ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும்.

கேமராவின் ஊகமும் நம் நிறமும்

சரி, எவ்வளவு ஃபிளாஷ் வேண்டும் என்று கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேனன் இதற்கு 'இ-டி.டி.எல். 2' என்று பெயர் வைத்திருக்கிறது. நாம் பொத்தானை அழுத்தியதும், உண்மையான ஃபிளாஷுக்கு முன்னால் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சிறிய ஃபிளாஷ் ஒன்று அடிக்கிறது. அது எதிரே பட்டுத் திரும்பி வரும் ஒளியை லென்ஸ் வழியாக அளந்து, உண்மையான ஃபிளாஷின் பலத்தைக் கேமரா கணக்குப் போடுகிறது.

ஆனால், எதிரே இருப்பது வெள்ளை வேட்டியா, கறுப்புச் சட்டையா, மாநிற முகமா என்று அதற்குத் தெரியாது. காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்ற அனுமானத்தில்தான் அது கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர் வரிசையாக நின்றால், 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி ஃபிளாஷைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப்போகும். இரவு நேரத்தில், பின்னால் செம்பனைத் தோப்பின் இருட்டு நிற்க, நம் மாநிறத்து மனிதர் ஒருவர் தனியாக நின்றால், 'வெளிச்சம் போதவில்லை' என்று ஃபிளாஷைக் கூட்டிவிடும். அப்போது அவர் முகம் விபூதியில் முக்கியெடுத்ததுபோல் வெளுத்துவிடும்.

நிறத்தைப் பற்றிய இந்த அனுமானம் கேமராவுக்குப் புதியதல்ல. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வைக்கும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருக்கும். அவர் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த அட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். கறுத்த முகங்களின் நுணுக்கம் ஃபிலிமில் சரியாகப் பதியவில்லை என்ற குறையைவிட, மர நாற்காலிகளின் நிறபேதமும் சாக்லெட்டின் நிறபேதமும் விளம்பரத்தில் தெரியவில்லை என்று வணிகர்கள் சொன்ன குறைதான் அந்த நிறுவனத்தின் காதில் முதலில் விழுந்தது என்பது பதிவான வரலாறு. பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அட்டை இல்லை. ஆனால் ஊகம் இருக்கிறது. நல்லவேளையாக, அதைத் திருத்தும் வழியையும் கொடுத்திருக்கிறார்கள். ஃபிளாஷ் கட்டுப்பாட்டுப் பகுதியில், ஃபிளாஷை மட்டும் கூட்டவும் குறைக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. நடுவில் சுழியம், இரு பக்கமும் இரண்டு ஸ்டாப் வரை போகலாம். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஃபிளாஷ் பாதியாகும். இரண்டு குறைத்தால் கால்பங்காகும். இருட்டுப் பின்னணியில் தனி மனிதர் என்றால் நான் முக்காலிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை குறைப்பதுபோல் வைத்துப் பார்ப்பேன். வேட்டிக் கூட்டம் என்றால் அரையிலிருந்து ஒன்று வரை கூட்டுவேன். இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நம் மனிதர்கள் எந்த நிறத்தில் இருக்கிறார்கள் என்பது கேமராவைவிட நமக்கு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

தோட்டத்துத் திருவிழாவில்

இதையெல்லாம் நான் பயின்ற இடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். கோலசிலாங்கூரிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகியவற்றைத் தாண்டி சபாக் வரும். அதற்கப்பால் பெர்ணம் ஆறு. ஆற்றைக் கடந்தால் பேராக். செகிஞ்சானின் வயல்வெளியைப் படம் எடுக்க வார இறுதியில் தலைநகரிலிருந்து கார் கார்களாக வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே, செம்பனைக்குள் இருக்கும் லயங்களுக்கு அவர்கள் வருவதில்லை.

எங்கள் லயத்தில் பாதிக்கு மேல் வீடுகள் கைமாறிவிட்டன, அல்லது பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் போய்விட்டார்கள். ஆனால் ஆடித் திருவிழா வந்தால் எல்லாரும் திரும்பி வருவார்கள். ஆண்டுக்கொரு முறை ஒரே இடத்தில் அத்தனை முகங்களையும் பார்க்கக் கிடைக்கும் நாள் அது ஒன்றுதான். அந்த நாளில் நெற்றி வெளுத்த படங்களை எடுத்துக்கொண்டு வந்தால், அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு அதே முகங்கள் எல்லாம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

பகலில் காவடி வரும்போது சூரியன் உச்சியில் நிற்கும். காவடி எடுத்தவரின் கண்கள் இரண்டும் குழிக்குள் இருட்டாகப் போய்விடும். இங்கேதான், வெயிலில் ஃபிளாஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. நிழலை நிரப்புவதற்காக ஃபிளாஷ் போட வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கேமராவின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை திறக்கும். இரண்டாம் திரை மூடும். 600டியில் 1/200 விநாடிக்கு மேல் வேகமாகப் போனால் இரண்டு திரைகளுக்கும் நடுவில் ஓர் இடுக்குதான் நகர்ந்து போகும். சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. ஆகவே ஃபிளாஷுக்கு 1/200தான் எல்லை. நடுப்பகல் வெயிலில் அந்த வேகத்துக்கு லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டும். பதிமூன்றைப் பதினொன்றால் வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கேமராவோடு பிறந்த ஃபிளாஷ் கை நீட்டினால் தொடும் தூரத்துக்குத்தான் பயன்படும். அங்கே தனி ஃபிளாஷ் வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன 430இ.எக்ஸ். 2 அப்போது கைகொடுத்தது.

இரவில் ரதம் கிளம்பும்போது கதை வேறு. ரதத்தின் வண்ண விளக்குகள்தான் அழகு. ஷட்டரை 1/8 என்று நீட்டி வைத்தால் விளக்குகள் கோடாக இழுபடும். ஃபிளாஷ் பட்ட மனிதர்கள் உறைந்து நிற்பார்கள். இங்கே 'இரண்டாம் திரை ஒத்திசைவு' என்ற அமைப்பு உதவும். வழக்கமாக முதல் திரை திறந்தவுடனேயே ஃபிளாஷ் அடித்துவிடும். அதன்பின் நகரும் விளக்கு, மனிதருக்கு முன்னால் கோடு போடும். ரதம் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும். இரண்டாம் திரைக்கு மாற்றினால், ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன்னால் ஃபிளாஷ் அடிக்கும். கோடுகள் பின்னால் இழுபட, ரதம் முன்னால் வரும். கரகம் ஆடுபவரின் கைவீச்சும் அப்படித்தான்.

தீமிதிக்கு நான் ஃபிளாஷை அணைத்துவிடுவேன். தணலின் செம்மை ஃபிளாஷ் பட்டதும் செத்துவிடும். பூக்குழி வெறும் கரிக்குழியாகத் தெரியும். அதைவிட முக்கியமான காரணம், விரதமிருந்து தணலில் கால் வைக்கப் போகிறவரின் கண்ணில் மின்னல் அடிப்பது முறையல்ல. ஐ.எஸ்.ஓ. 3200, 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2. படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும், தெரியட்டும். தணலின் ஒளி அவர் முழங்காலில் படுவது அதில்தான் தெரிகிறது.

கம்போங் குவாந்தான்

ஃபிளாஷை அணைப்பது என்றதும் கோலசிலாங்கூர் மக்களுக்கு நினைவுக்கு வரும் இடம் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடும் இடம். மலாய்க்காரர்கள் அவற்றைக் 'கெலிப்-கெலிப்' என்பார்கள். அரிசி மணியைப்போல் சிறிய இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் டெராப்டிக்ஸ் டெனெர். ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில், விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னும். மரமே மூச்சு விடுவதுபோல் இருக்கும். நான்கு பேர் அமரும் சிறிய படகில், எஞ்சின் சத்தமின்றித் துடுப்புப் போட்டு அழைத்துப் போவார்கள். ஃபிளாஷ் போடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

விதிக்குக் காரணம் இருக்கிறது. அந்த மின்னல்தான் ஆண் மின்மினி பெண்ணுக்கு அனுப்பும் தூது. செயற்கை வெளிச்சம் அந்தப் பேச்சைக் குலைத்துவிடும் என்பதை மின்மினி ஆய்வாளர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். 2010இல் அனைத்துலக ஆய்வாளர்கள் நம் மாநிலத்தில் கூடி வெளியிட்ட மின்மினிப் பாதுகாப்பு அறிக்கைக்குச் 'சிலாங்கூர் பிரகடனம்' என்று பெயர். கரையோர மரங்களை வெட்டுவதும், புழுப் பருவத்தில் அவை நத்தை தின்று வளரும் ஈரநிலத்தை அழிப்பதும் மின்மினிக்குப் பெரிய ஆபத்துகள். ஃபிளாஷ் அவற்றோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் அது நம் கையில் இருப்பது.

விதியை மதித்து ஃபிளாஷை அணைத்ததாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 600டியில் ஃபிளாஷ் அடிப்பதை நிறுத்தி வைத்தாலும், ஃபிளாஷ் தலைதூக்கி நின்றால், இருட்டில் குவியம் கிடைக்காதபோது அது படபடவென்று பலமுறை மின்னிக் குவியத்துக்கு உதவப் பார்க்கும். அதை நிறுத்துவதற்கு வேறொரு பகுதியில் தனி அமைப்பு இருக்கிறது. சிவப்புக் கண்ணைத் தடுக்கும் விளக்கும் தனி. எடுத்த படத்தைக் காட்டும் திரையின் வெளிச்சமும் தனி. மூன்றையும் அணைத்து, குவியத்தைக் கையாலேயே வைத்துக்கொண்டால்தான் கேமரா உண்மையாக இருட்டுக்குள் போகிறது. படகு ஆடுவதால் படகிலிருந்து நல்ல படம் கிடைக்காது. படகுத்துறையில் முக்காலியை நிறுத்தி 15, 20 விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் என்ன கிடைக்கும்? வெளுத்த இலைகள் மட்டும்தான். எதைப் பார்க்கப் போனோமோ, அதை நம் வெளிச்சமே மறைத்துவிடும்.

கேட்டுவிட்டு எடுப்பது

மனிதர்கள் விஷயத்திலும் இது உண்டு. ஃபிளாஷின் வரலாற்றில் முக்கியமான பெயர் ஜேக்கப் ரீஸ். நியூயார்க்கில் செய்தியாளராக இருந்தவர். 1887இல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியால் ஃபிளாஷ் அடிக்கும் முறை வந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் வீட்டு வசதிச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தது. அது பெரிய நன்மை. ஆனால் அந்தப் படங்களில் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த கண்களைப் பார்க்கலாம். பொடி பற்றிக்கொண்டு இரண்டு முறை வீட்டுக்கே தீ வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

லயத்தைப் படம் எடுக்க வருபவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒழுகும் தகரக் கூரை, சாக்கடை, மூக்கொழுகும் பிள்ளை ஆகியவற்றைத்தான் தேடுவார்கள். அந்தப் படங்களால் சில நேரம் நன்மை விளைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எடுத்த படத்தை யாரும் திரும்பக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தாவின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் எடுத்த நல்ல படம் வேறு கிடையாது. அதில் அவர் கண்கள் எங்கே பார்க்கின்றன என்றுகூடத் தெரியாது.

சென்ற ஆண்டு பாட்டி என்னிடம் கேட்டார்.

"ஐயா, எனக்கு ஒரு நல்ல படம் எடுத்துக் குடுத்துருடா. நாளைக்குச் சுவத்துல மாட்டணும்ல."

எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மின்னல் வேணாம், கண்ணு கூசுது" என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை. கண்புரை அறுவை செய்துகொண்டவர்.

எங்கள் வீட்டின் பலகைச் சுவர் பச்சை நிறம். மேலே தகரம், உட்கூரை கிடையாது. ஃபிளாஷைக் கூரையில் அடித்து ஒளியை இறக்கலாம் என்றால், தகரம் ஒளியைச் சிதறடிக்கும். சுவரில் அடித்தால் முகம் பச்சையாகிவிடும். ஆகவே அஞ்சடியில் நாற்காலி போட்டேன். மாலை ஐந்தரை மணி. வானத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. மறுபக்கம் முகத்தின் சுருக்கங்கள் இருட்டில் போயின. அந்த இருட்டைக் கொஞ்சம் நிரப்பினால் போதும். 600டி, தன்னோடு பிறந்த ஃபிளாஷைக் கொண்டு தூரத்திலுள்ள தனி ஃபிளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும். தனி ஃபிளாஷைத் தங்கை பக்கவாட்டில் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டோம். அலமாரியில் மடித்து வைத்திருந்த தாத்தாவின் வேட்டி அது. பாட்டிதான் எடுத்துக் கொடுத்தார். வேட்டி முழுவதும் ஒளி பரவியதால் மின்னல் சாளர வெளிச்சம்போல் மென்மையாகிவிட்டது. 'எம்' முறை, 1/60, எஃப் 4, ஃபிளாஷ் ஒன்றேமுக்கால் ஸ்டாப் குறைவு.

"பாட்டி, அந்தப் பக்கம் கோயில் கோபுரத்தைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப மின்னுச்சா?"

"மின்னிருச்சு."

"தெரியலையே."

திரையில் காட்டினேன். கல்யாணப் படங்களில் மாவு பூசியதுபோல் வெளுத்துப்போகும் அவர் முகம் இதில் தன் நிறத்திலேயே இருந்தது. பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மூக்குத்தி தெரிகிறது என்றார். கன்னத்து மருவைக் காட்டி, "இதக்கூட விடலையா நீ" என்றார். பிறகு, தாத்தா படத்தின் அளவுக்கே அச்சடித்துக்கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அதைத் தலையணைக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

நாம் செய்யக்கூடியது

இந்த ஆண்டிதழைப் படிக்கும் பலருக்கும் ஏதோ ஒரு தோட்டத்தோடு தொடர்பு இருக்கும். உங்களுடையது மூடப்பட்டிருக்கலாம், வீடமைப்புத் திட்டமாக மாறியிருக்கலாம், இன்னும் கொஞ்சம் பேர் அங்கே இருக்கலாம். இருப்பவர்களைப் படம் எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி போதுமே என்பீர்கள். பகல் வெளிச்சத்துக்குப் போதும்தான். ஆனால், அதன் ஃபிளாஷ் ஒரு சிறிய விளக்கு மட்டுமே. இரவில் பல படங்களை ஒட்டி அது செய்யும் கணக்கு, ஆடிக்கொண்டிருக்கும் கரகத்துக்கு உதவாது. கழகத்தின் அலமாரியில் கேமரா தூங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த செயற்குழுவினர் அதை எடுத்துப் பழகிக்கொள்ளலாம்.

பழகும்போது மூன்று காரியம் செய்தால் போதும். முதலில், பச்சைக் கட்டத்தைவிட்டு வெளியே வாருங்கள். ஃபிளாஷ் தானாக எழும்பக்கூடாது. நீங்கள் எழுப்பினால் எழும்ப வேண்டும். அடுத்து, ஒரே இடத்தில் ஒரே மனிதரை ஃபிளாஷ் இல்லாமல், ஃபிளாஷோடு, ஃபிளாஷை ஒரு ஸ்டாப் குறைத்து, இரண்டு ஸ்டாப் குறைத்து என்று நான்கு படம் எடுத்துப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் கண்ணுக்குப் புரிந்துவிடும். மூன்றாவதாக, எதிரே இருப்பவரிடம் கேளுங்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, எந்தப் பக்கம் பார்க்க விரும்புகிறார், படம் எதற்கு என்று கேட்பதற்கு எந்தக் கேமராவிலும் பொத்தான் கிடையாது.

எடுத்த படத்தைக் கணினியிலேயே வைத்திருக்க வேண்டாம். அச்சடிக்கப் பெரிய செலவாகாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.